லோக்கோ மோக்கோ: ஹவாய்ச் சோறு, கறி வட்டு, பழுப்புக் கிரேவி – வீட்டில் செய்ய முழுமையான வழிகாட்டி

சுடுசோறு, அதன் மேல் இரும்புச் சட்டியில் சுட்ட மாட்டிறைச்சி வட்டு, அதை மூடும் பழுப்புக் கிரேவி, உச்சியில் மஞ்சள் கரு உடையாத ஆஃப் பாயில். லோக்கோ மோக்கோ என்பது இந்த நான்குதான். மசாலா கிடையாது, தாளிப்பு கிடையாது, இறைச்சியை ஊறவைக்கும் வேலையும் கிடையாது. அதனாலேயே சுமாராகச் செய்வது எளிது, நன்றாகச் செய்வது கடினம். சோறு குழைந்தாலும் கிரேவி மாவு வாடை அடித்தாலும் மறைக்க வேறு எதுவும் தட்டில் இல்லை.

ஹவாய்த் தீவுகளிலேயே பெரிய தீவின் கிழக்குக் கரையில் ஹீலோ என்ற மழை ஊர் இருக்கிறது. 1949-இல் அங்கே ரிச்சர்ட் – நான்சி இனோவே தம்பதி நடத்திய லிங்கன் கிரில் உணவகத்தில் இது பிறந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. லிங்கன் ரெக்கர்ஸ் என்ற விளையாட்டுக் குழுவின் பையன்கள் அங்கே வாடிக்கை. சாண்ட்விச் அலுத்துப்போன அவர்களுக்கு மலிவாக, சீக்கிரமாக, வயிறு நிறைய ஏதாவது வேண்டியிருந்தது. ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு, பர்கருக்கான கறி வட்டை மேலே வைத்து, கிரேவி ஊற்றி 25 சென்டுக்குக் கொடுத்தார்கள். பையன்களில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் 'கிரேஸி', அதையே ஸ்பானிய மொழியில் 'லோக்கோ' ஆக்கினார்கள். இரண்டுக்கும் கிறுக்கன் என்று பொருள். 'மோக்கோ' ஓசைக்காக ஒட்டிக்கொண்டது. முட்டை பிறகுதான் சேர்ந்தது. அதே ஊரின் கஃபே 100 இந்த உணவை வெளியூர்க்காரர்களிடமும் கொண்டுசேர்த்தது. ஹவாய் ஜப்பானியர்கள் நிறைந்திருந்த அமெரிக்க ராணுவத்தின் 100-ஆவது பட்டாலியன் நினைவாக அந்தப் பெயர். 1946, 1960 ஆகிய இரண்டு சுனாமிகளிலும் அடிபட்டு மறுபடி எழுந்த கடை அது.

இந்தத் தட்டில் ஹவாயின் கரும்புத் தோட்ட வரலாறே இருக்கிறது. சோறும் சோயா சாஸும் ஆசியத் தொழிலாளர் குடும்பங்களின் சாப்பாடு. பர்கரும் கிரேவியும் அமெரிக்க உணவகச் சமையல். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டதுதான் லிங்கன் கிரில் செய்தது. ஆகவே செய்யும்போது இரண்டு பக்கத்தையும் மதிக்க வேண்டும். கறியில் காட்டும் அக்கறையைச் சோற்றிலும் காட்டுங்கள்.

பாத்திரம்

முதலில் இதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் கிரேவியின் ருசி இதில்தான் இருக்கிறது. 28 முதல் 30 செ.மீ. அகலமுள்ள, அடி தட்டையான, கனமான இரும்புச் சட்டி அல்லது எவர்சில்வர் சட்டி வேண்டும். இறைச்சி வேகும்போது அடியில் பழுப்பாக ஒட்டிப் பிடிக்கும் படிவம்தான் கிரேவிக்கு உயிர். நான்ஸ்டிக்கில் அது ஒட்டாது; அதில் செய்த கிரேவி வெளிறிப்போய், ஸ்டாக் கட்டியின் (எலும்பும் இறைச்சியும் கொதித்த சாறான ஸ்டாக்கை உலர்த்திய கட்டி) ருசி மட்டும் தெரியும். தோசைக்கல்லில் கறி அருமையாகச் சுடலாம், ஆனால் விளிம்பு இல்லாததால் அதிலேயே கிரேவி செய்ய முடியாது. குழிவான வாணலியில் வட்டுகள் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று சரியும்.

முட்டைக்கு மட்டும் சிறிய நான்ஸ்டிக் சட்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்குத் தேவையானவை

சோற்றுக்கு:
- கால்ரோஸ் அல்லது சுஷி அரிசி – 450 கிராம்
- தண்ணீர் – 600 மி.லி.

கறி வட்டுக்கு:
- மாட்டிறைச்சிக் கொத்துக்கறி (ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ளது) – 600 கிராம்
- உப்பு – 1 தேக்கரண்டி (சுமார் 6 கிராம்)
- மிளகுத்தூள் – அரைத் தேக்கரண்டி
- எண்ணெய் – 1 தேக்கரண்டி

கிரேவிக்கு:
- சட்டியில் இறங்கும் மாட்டுக் கொழுப்பு அல்லது உப்பில்லாத வெண்ணெய் – 40 கிராம்
- பெரிய வெங்காயம் – 1 (150 கிராம்), மெல்லிய நீளத் துண்டுகள்
- பட்டன் காளான் – 150 கிராம் (விரும்பினால்)
- மைதா – 4 மேசைக்கரண்டி (32 கிராம்)
- உப்புக் குறைந்த மாட்டிறைச்சி ஸ்டாக் – 600 மி.லி.
- சோயா சாஸ் – 1 மேசைக்கரண்டி
- வூஸ்டர் சாஸ் – 2 தேக்கரண்டி
- மிளகுத்தூள் – அரைத் தேக்கரண்டி

மேலே: முட்டை 4, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி.

சோறு

ஹவாயில் இதற்குப் போடுவது கால்ரோஸ் வகை, கலிஃபோர்னியாவில் விளையும் நடுத்தர நீள அரிசி. வெந்ததும் பருக்கை தனித்தனியாகத் தெரியும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டு இல்லாவிட்டால் கிரேவி ஊற்றியதும் சோற்றுக் குவியல் சரிந்து, கஞ்சியில் போட்ட பருக்கை மாதிரி மிதக்கும். பாஸ்மதியும் புழுங்கலரிசியும் சேராததற்குக் காரணம் இதுவே. பாஸ்மதியில் ஒட்டும் வகை மாவுச்சத்து குறைவு. புழுங்கலில் நெல்லாக இருக்கும்போதே வேகவைத்துக் காயவைத்ததால் பருக்கை இறுகிவிட்டது. கால்ரோஸ் கிடைக்காவிட்டால் சுஷி அரிசி, அதுவும் இல்லையென்றால் சோனா மசூரி பச்சரிசியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீரில் வேகவையுங்கள். அந்த ஒட்டு முழுதாக வராது, ஆனால் தட்டில் நிற்கும்.

அரிசியை மூன்று நான்கு முறை மெதுவாகக் கழுவுங்கள். முதல் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். அதில்தான் தூசியும் தவிட்டு வாடையும் அதிகம். கண்ணாடி போலத் தெளியும்வரை கழுவ வேண்டியதில்லை, லேசாகக் கலங்கியிருந்தால் போதும். நன்றாக வடித்து, 600 மி.லி. தண்ணீர் சேர்த்து 30 நிமிடம் ஊறவிடுங்கள். ரைஸ் குக்கர் இருந்தால் அதில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். அடுப்பில் என்றால் கனமான பாத்திரத்தில் கொதி வந்ததும் தீயை மிகவும் குறைத்து, இறுக்கமாக மூடி 13 நிமிடம். நிறுத்திய பிறகு மூடியைத் திறக்காமல் இன்னும் 10 நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். பிறகு ஈரமான மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டி ஆவியை வெளியேற்றுங்கள். கஞ்சி வடிக்கும் முறை இங்கே வேண்டாம். ஒட்டவைக்கும் சத்தெல்லாம் வடிநீரோடு போய்விடும்.

சோற்றில் உப்புப் போடக் கூடாது. உப்பு முழுவதும் கறியிலிருந்தும் கிரேவியிலிருந்தும் வர வேண்டும்.

கறி வட்டு

தோள்பட்டைப் பகுதி இறைச்சி சிறந்தது. கொழுப்பும் ருசியும் சரியாக இருக்கும். கடையில் ஒரே ஒரு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை அரைத்தால் பசைபோல ஆகி, வெந்ததும் இறுகும். கொழுப்பே இல்லாத இறைச்சிதான் கிடைக்கிறது என்றால், அல்லது எருமை இறைச்சி என்றால், 500 கிராம் இறைச்சிக்கு 100 கிராம் மாட்டுக் கொழுப்பைச் சேர்த்து அரைக்கச் சொல்லலாம். அதுவும் முடியாதபோது உறைந்த வெண்ணெய் 40 கிராமைத் துருவி, இறைச்சியோடு விரல்நுனியால் லேசாகக் கலந்துவிடுங்கள்.

இறைச்சி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 150 கிராம் வீதம் நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 12 செ.மீ. அகலமும் ஒன்றேகால் செ.மீ. கனமும் உள்ள வட்டாகத் தட்டுங்கள். பிசைய வேண்டாம். சேர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். விளிம்பில் சிறு வெடிப்புகள் இருந்தால் பரவாயில்லை. வேகும்போது வட்டு ஓரத்திலிருந்து சுருங்கி நடுவில் பந்துபோல எழும்பும். அதனால் நடுவில் கட்டைவிரலால் அரை செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி அழுத்துங்கள். வெந்தபின் தட்டையாக இருக்கும், முட்டை வழுக்கி விழாது. தட்டியதும் சட்டி காயும்வரை ஃபிரிட்ஜில் வைத்திருங்கள்.

உப்பு எப்போது போடுவது என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கொத்துக்கறியில் உப்பைச் சேர்த்துப் பிசைந்தால், உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கும். சாசேஜ் இறுகி நிற்பது இதனால்தான். லோக்கோ மோக்கோவின் வட்டு கரண்டி முனையாலேயே உதிர வேண்டும். ஆகவே தட்டி முடித்து, சட்டியில் போடுவதற்குச் சற்று முன்பு, இரு பக்கமும் மேலே மட்டும் தூவுங்கள்.

சட்டியை மிதத்துக்குச் சற்று மேலான தீயில் மூன்று நான்கு நிமிடம் காயவிடுங்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் சுருண்டு ஓட வேண்டும். எண்ணெய் விட்டு வட்டுகளை இடைவெளியோடு வையுங்கள். நான்கும் நெருக்கியடித்தால் இரண்டு இரண்டாகச் சுடுங்கள். நெருக்கினால் இறங்கும் நீர் ஆவியாக வழியில்லாமல் கறி சிவக்காமல் வெந்துவிடும். முதல் பக்கம் மூன்றரை முதல் 4 நிமிடம், அசைக்காமல். அடி நன்றாகச் சிவந்ததும் வட்டு தானே சட்டியை விட்டுவிடும். ஒட்டுகிறது என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள், பிய்க்காதீர்கள். திருப்பி 3 நிமிடம். கரண்டியால் மேலே அழுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அழுத்தினால் வெளியேறுவது சாறும் கொழுப்பும்தான்.

வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளே முழுவதும் கலந்துவிடுகின்றன. எனவே உள்ளே ரத்தச் சிவப்பாக விடுவது இதற்குப் பொருந்தாது. கிரேவியும் மஞ்சள் கருவும் ஈரம் கொடுப்பதால், முழுதாக வேகவைத்தாலும் வறட்சி தெரியாது.

சுட்ட வட்டுகளைத் தட்டில் எடுத்து லேசாக மூடிவையுங்கள். தட்டில் ஊறும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

பிரெட் தூள் கலந்த இன்னொரு முறையும் ஹவாய் வீடுகளில் உண்டு. 'ஹம்பாகு' என்ற ஜப்பானியக் கொத்துக்கறி வட்டின் வழி வந்தது. 600 கிராம் இறைச்சிக்குப் பிரெட் தூள் 40 கிராமைப் பால் 60 மி.லி.யில் ஊறவைத்து, வதக்கி ஆறவைத்த பொடி வெங்காயம் 100 கிராம், முட்டை 1, உப்பு 1 தேக்கரண்டி சேர்த்துக் கலந்து தட்டுவார்கள். இங்கே உப்பு உள்ளேயே போகிறது, ஏனென்றால் ஊறிய பிரெட் புரதத்தை இறுகவிடாது. மென்மையாக வரும், கொழுப்புக் குறைந்த இறைச்சிக்கு இதுதான் சிறந்த வழி. ஆனால் மாட்டிறைச்சியின் ருசி சற்று அடங்கிவிடும். நல்ல இறைச்சி கையில் இருந்தால் வெறும் உப்பு மிளகே போதும்.

கிரேவி

கிரேவி என்றதும் தக்காளி, தேங்காய், மசாலா நினைவுக்கு வரலாம். இது அந்த இனமே அல்ல. கொழுப்பில் மாவை வறுத்து, இறைச்சி ஸ்டாக் ஊற்றிக் கொதிக்கவைக்கும் பழுப்பு நிறக் குழைவு. லோக்கோ மோக்கோ தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் அவசரப்படாதீர்கள்.

கறி எடுத்த சட்டியைக் கழுவாதீர்கள். அடியில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். கரும்பழுப்பாக இருந்தால் அருமை. கரிக்கட்டையாகக் கறுத்திருந்தால் மட்டும் சட்டியைத் துடைத்துவிட்டு வெண்ணெயில் புதிதாகத் தொடங்குங்கள். கருகல் கசப்பு ஒரு முறை இறங்கினால் எதனாலும் போகாது. கொழுப்பு அதிகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் வடித்து, 3 மேசைக்கரண்டி மட்டும் திரும்ப ஊற்றுங்கள். குறைந்தால் வெண்ணெயால் நிரப்புங்கள். மாவும் கொழுப்பும் ஏறக்குறைய சம எடை என்பது கணக்கு. கொழுப்பு மிஞ்சினால் கிரேவியின் மேல் எண்ணெய் மிதக்கும், குறைந்தால் மாவு கட்டி பிடிக்கும்.

மிதமான தீயில் வெங்காயத்தைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி 6 முதல் 8 நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் விடும் நீரே அடிப்பிடிப்பை இளக்கும்; மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருங்கள். ஓரங்கள் பொன்னிறமாக வேண்டும். காளான் போடுவதாக இருந்தால் இப்போது போட்டு, அதன் நீர் முழுவதும் வற்றிச் சிவக்கும்வரை இன்னும் 5 நிமிடம். காளான் ஈரமாக இருக்கும்போதே மாவைத் தூவினால் அப்படியே பசையாகிவிடும், வறுபடாது.

தீயைச் சற்றுக் குறைத்து மைதாவை எல்லா இடத்திலும் பரவலாகத் தூவி, 3 நிமிடம் இடைவிடாமல் கிளறுங்கள். பச்சை மாவு வாடை போய், வறுத்த வேர்க்கடலை மணம் எழ வேண்டும். நிறம் மணல் நிறத்தைத் தாண்டி லேசான பழுப்புக்கு வர வேண்டும். இதற்கு மேலும் கறுக்க வறுத்தால் நிறம் அழகாகும், ஆனால் மாவின் கெட்டியாக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். லேசான பழுப்பில் நிறுத்துவதே நல்லது; மிச்ச நிறத்தைச் சோயா சாஸ் கொடுக்கும்.

இனி ஸ்டாக். முதலில் 100 மி.லி. மட்டும் ஊற்றி வேகமாகக் கிளறுங்கள். கெட்டியான பசைபோல வரும். அது வழுவழுப்பானதும் இன்னும் 100 மி.லி., மறுபடி கிளறல், பிறகு மிச்சம் முழுவதும். ஒரே மூச்சில் 600 மி.லி.யையும் ஊற்றினால் மாவு வெளிப்புறம் வெந்து உள்ளே பச்சையாகக் கட்டி தட்டும். ஸ்டாக் அறை வெப்பத்திலோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் வேலை எளிது.

நன்றாகக் கொதி வர வேண்டும். கொதிநிலையை நெருங்கும்போதுதான் மாவு முழுதாகக் கெட்டிப்படும். அதற்கு முன்பு நீர்த்திருக்கிறதே என்று மாவை அள்ளிப் போடாதீர்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து 6 முதல் 8 நிமிடம் சிறு கொதியில் விடுங்கள். சோயா சாஸ், வூஸ்டர் சாஸ், மிளகு, கறித் தட்டில் ஊறிய சாறு எல்லாவற்றையும் இப்போது சேருங்கள். பதம் பார்க்க, கரண்டியின் பின்புறத்தைக் கிரேவியில் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் ஓடிச் சேராமல் நின்றால் சரி. தட்டுக்குப் போனதும் இன்னும் சற்று இறுகும், அதனால் அடுப்பில் ஒரு சுற்று இளக்கமாகவே நிறுத்துங்கள்.

உப்பைக் கடைசியில் பாருங்கள், அதுவும் ஒரு வாய்ச் சோற்றோடு. கிரேவியைத் தனியாக நக்கிப் பார்த்தால் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், ஏனெனில் உப்பில்லாத சோறு முழுவதையும் அதுதான் தூக்கிப்பிடிக்கிறது. ஆனால் ஸ்டாக் கட்டி கரைத்திருந்தால் எச்சரிக்கை தேவை. கட்டியில் உப்பு அதிகம், கொதித்து வற்றும்போது அது இன்னும் கூடும், மேலே சோயா சாஸும் சேர்கிறது. கட்டி பயன்படுத்தினால் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியை மட்டும் கரையுங்கள்.

மைதாவுக்குப் பதில் சோள மாவு போடுபவர்களும் உண்டு. கிரேவி பளபளப்பாக, சற்றுக் கண்ணாடித்தன்மையோடு வரும். வெங்காயம் வதங்கியதும் ஸ்டாக்கை ஊற்றிக் கொதிக்கவிட்டு, 2 மேசைக்கரண்டி சோள மாவை 3 மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கிளறியபடியே ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் நிறுத்த வேண்டும். நேரம் மிச்சம். ஆனால் வறுத்த மாவின் மணம் இதில் இல்லை, நீண்ட நேரம் கொதித்தால் நீர்த்தும் போகும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இந்த வழியில் போகிறீர்கள் என்றால், சாதாரண சோயா சாஸிலும் கோதுமை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கோதுமையில்லா தமாரி (ஒரு வகை ஜப்பானிய சோயா சாஸ்) வாங்க வேண்டும், வூஸ்டர் சாஸ் லேபிளையும் பார்க்க வேண்டும்.

முட்டை

மஞ்சள் கரு உடைந்து கிரேவியோடு கலப்பதுதான் இந்த உணவின் இரண்டாவது குழம்பு. ஃபுல் பாயில் போட்டால் அது கிடைக்காது. சிறிய சட்டியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும், முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து அங்கிருந்து மெதுவாகச் சரியுங்கள். மிதமான தீயில் 2 நிமிடம். வெள்ளைக் கருவின் மேல்பகுதி வழவழவென்று இருந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீரை ஓரத்தில் விட்டு 30 வினாடி மூடுங்கள். ஆவியில் வெள்ளை இறுகிவிடும், மஞ்சள் இளகியே இருக்கும். தீ அதிகமானால் ஓரம் மொறுமொறுவென்று கருகும், நடுவில் வெள்ளை வேகாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்களுக்கு மட்டும் மஞ்சளையும் முழுதாக வேகவைத்துக் கொடுங்கள்.

முட்டைக்கு உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

அடுக்குவது

சோறு முதலில், தட்டாமல் குவியலாக. ஹவாய்ச் சிற்றுண்டிக் கடைகளில் ஐஸ்கிரீம் கரண்டியால் இரண்டு உருண்டை வைப்பது வழக்கம். சோற்றின் மேல் வட்டு, வட்டின் மேல் ஒரு பெரிய கரண்டி கிரேவி (தலைக்கு 120 மி.லி. அளவு), அதன் மேல் முட்டை, வெங்காயத்தாள். கிரேவி வட்டிலிருந்து வழிந்து சோற்றின் ஓரம்வரை இறங்க வேண்டும்; சோறு முழுவதையும் மூழ்கடிக்கக் கூடாது. முட்டையைக் கிரேவிக்கு அடியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது மஞ்சள் கருவின் நிறம் மறைந்துவிடும், சூட்டில் அது இறுகவும் செய்யும். மேலே வைப்பதே மேல்.

வட்டைக் கிரேவிக்குள் போட்டுக் கொதிக்கவைப்பது தேவையில்லாத வேலை. அத்தனை பொறுமையாகச் சிவக்கவைத்த மேல்தோல் ஊறிப் போய்விடும்.

எப்போது எதைத் தொடங்குவது

நான்கும் ஒரே நேரத்தில் சூடாகத் தயாராக வேண்டும் என்பதுதான் இதில் உண்மையான சிக்கல். அரிசி ஊறும் நேரத்தில் வெங்காயம், காளான், வெங்காயத்தாளை நறுக்கி, வட்டுகளைத் தட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். சோறு அடுப்பேறிய கையோடு சட்டியைக் காயவையுங்கள். சோறு வெந்து அடங்க 25 நிமிடம் ஆகும், அதற்குள் கறி சுட்டுக் கிரேவி பாதிக்கு வந்திருக்கும். இரண்டு தவணையாகச் சுட்டால் இன்னும் 7 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரேவி சிறு கொதியில் இருக்கும்போது முட்டையைத் தொடங்குங்கள். கிரேவியும் சோறும் காத்திருக்கும், மூடிவைத்த வட்டும் பொறுக்கும். முட்டை பொறுக்காது. அதைக் கடைசிக்கு விடுங்கள்.

பக்கத்தில் மக்ரோனி சாலட்

இதை முந்தைய நாளே செய்துவைத்தால் நல்லது. 200 கிராம் வளைவு மக்ரோனியைப் பாக்கெட் சொல்லும் நேரத்தைவிட 3 நிமிடம் கூடுதலாக வேகவையுங்கள். இத்தாலியர்கள் விரும்பும் பதம் இங்கே உதவாது. ஊதிப் பெருத்த மக்ரோனிதான் மயோனைஸை உள்ளிழுக்கும். வடித்த சூட்டிலேயே ஒரு மேசைக்கரண்டி ஆப்பிள் சிடர் வினிகர் ஊற்றிக் கிளறி 10 நிமிடம் விடுங்கள். 150 கிராம் மயோனைஸை 60 மி.லி. பாலில் இளக்கி, பாதியைச் சேர்த்து முழுதாக ஆறவிடுங்கள். துருவிய கேரட் ஒன்று, வெங்காயம் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, மிளகு, மிச்ச மயோனைஸ் சேர்த்து ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். இனிப்பில்லாத மயோனைஸ் வேண்டும். சூட்டில் முழு மயோனைஸையும் கொட்டினால் எண்ணெய் பிரிந்துவிடும். குளிர்ந்த, லேசாகப் புளித்த இந்தச் சாலட் கிரேவியின் கனத்தை நன்றாக வெட்டும்.

கெட்டுப்போனால்

கிரேவி கட்டி தட்டிவிட்டதா? கம்பி வடிகட்டியில் அழுத்தி வடியுங்கள், வெங்காயத்தைத் திரும்பச் சேருங்கள். இறுகிவிட்டால் வெந்நீர் இரண்டு மேசைக்கரண்டி வீதம் ஊற்றுங்கள், ஸ்டாக் அல்ல. ஸ்டாக் உப்பைக் கூட்டும். நீர்த்திருந்தால் முதலில் ஐந்து நிமிடம் வற்றவிடுங்கள். அப்போதும் நீர்த்தேயிருந்தால் ஒரு தேக்கரண்டி மைதாவை அதே அளவு மிருதுவான வெண்ணெயோடு குழைத்து, சிறு உருண்டைகளாகக் கொதியில் போட்டுக் கரையுங்கள். வெறும் மாவைத் தூவினால் மறுபடி கட்டிதான்.

உப்பு மிஞ்சியிருந்தால் உப்பில்லாத வெண்ணெய் ஒரு துண்டும் அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் அடக்கும். நிறைய மிஞ்சிவிட்டால் 200 மி.லி. தண்ணீர் சேர்த்து மறுபடி கெட்டியாக்குவதைத் தவிர வழியில்லை. மாவு வாடை அடித்தால் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். நிறம் சாம்பலாக இருந்தால் சட்டி சரியாகச் சிவக்கவில்லை என்று பொருள். அரைத் தேக்கரண்டி டார்க் சோயா சாஸ் நிறத்தைத் திருத்தும், ருசியைத் திருத்தாது.

வட்டு ரப்பராக வந்தால் காரணம் மூன்றில் ஒன்று: அதிகம் பிசைந்தது, உப்பை முன்பே கலந்தது, கொழுப்புக் குறைந்த இறைச்சி. உடைந்து உதிர்ந்தால் இறைச்சி குளிர்ச்சியாக இல்லை, அல்லது அடி சிவக்கும் முன்பே திருப்பிவிட்டீர்கள்.

மாற்றங்கள்

ஹவாயில் கறி வட்டின் இடத்தில் ஸ்பாம் (டின்னில் வரும் பன்றிக்கறி), போர்த்துகீசிய சாசேஜ், காலுவா (மண்குழி அடுப்பில் வேகவைத்த) பன்றிக்கறி, மஹி மஹி மீன், கோழிக் கட்சு (பிரெட் தூள் பூசிப் பொரித்தது) என்று பலவும் வரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழித் தொடைக்கறியை அரைத்து, மேலே சொன்ன பிரெட் தூள் முறையில் வட்டு தட்டலாம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வேண்டும், கிரேவிக்கு கோழி ஸ்டாக்கும் கூடுதலாக அரை மேசைக்கரண்டி சோயா சாஸும். வட்டை விட்டுவிட்டுக் காளானை மட்டும் 500 கிராம் சிவக்க வதக்கியும் செய்யலாம், அதிலும் சட்டியின் அடி நன்றாகப் பழுப்பேறும்.

மிச்சத்தை வைப்பது

எல்லாவற்றையும் தனித்தனியாக, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி பெருகி நச்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சோற்றை ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள். கிரேவியும் வட்டும் மூன்று நாள் தாங்கும். குளிர்ந்த கிரேவி கட்டித் தயிர்போல உறைந்திருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் பழைய பதத்துக்கு வரும். வட்டை மூடிபோட்ட சட்டியில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோடு சிறு தீயில் உள்ளே ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். சோற்றின் மேல் ஈரத் துணி அல்லது ஈரமான டிஷ்யூ போட்டு மைக்ரோவேவில் வையுங்கள். முட்டையை மட்டும் புதிதாக உடையுங்கள்.